ஐந்து ஓடுகளும் ஒரு சௌக்கியக் கமிட்டியும்

சாலைச் சத்திர நிர்வாக சபை என்று ஒரு சபை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அதன் நிர்வாகத்தில் இருந்த சத்திரம் ஒன்றே ஒன்று. அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இல்லை. ஏழு மைல் தள்ளி ராஜபாளையத்தில் இருந்தது. அந்த ஒரு சத்திரத்துக்குப் பதினொரு அங்கத்தினர்கள், ஒரு காரியதரிசி, ஒரு டவாலிச் சேவகன். சத்திரத்தைக் கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சீனியம்மாள் என்று ஒரே ஒருத்தி. சபையின் வருஷாந்தர அறிக்கையில் பதினொரு பேருடைய பெயர்களும் பட்டங்களோடு அச்சாகும். சீனியம்மாள் 'இதர சாமான்கள்' என்ற தலைப்பின் கீழ் வருவாள்.

சத்திரத்தில் பிரயாணிகள் படுக்க ஒரு பெரிய கூடம். மேற்கே ஓர் அறை. அறை ஒழுகாது. ஆனால் அது சபை அங்கத்தினர்கள் மேற்பார்வைக்கு வந்தால் தங்குவதற்கென்று பூட்டியிருந்தது. பத்தொன்பது வருஷமாக ஒருவரும் மேற்பார்வைக்கு வரவில்லை. பூட்டை மட்டும் வருஷம் தவறாமல் புதிதாக மாற்றினார்கள். கூடத்துக்கு நேர்மேலே மலைக்குரங்குகள் குதித்து ஐந்து ஓடுகளை உடைத்திருந்தன. வெயில் காலத்தில் அதனால் ஒன்றும் மோசமில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் சுவரோரம் வரைக்கும் தரை நசநசவென்று ஊறிப் போய்விடும்.

ஐந்து ஓட்டை யாராவது ஏறி மாற்றக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். முந்தின வருஷம் ஒரு வண்டிக்காரர் அப்படித்தான் ஏறினார். சபைச் சொத்தில் கை வைத்ததாக அவர்மேல் பிராது ஆகி, மூன்று தவணை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தார். அதற்குப் பிறகு அந்தக் கூரைமேல் ஏறுகிற துணிச்சல் குரங்குகளுக்கு மட்டும்தான் இருந்தது.

சார்வரி வருஷத்து ஐப்பசியில் அந்தச் சத்திரத்துக்குத் தவசிமுத்து வந்து சேர்ந்தார். பத்தமடையில் பாய் எடுத்து, ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி, சங்கரன்கோவில் வழியாக வந்து ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் விற்றுவிட்டுப் போகிறவர் அவர். வருஷத்தில் பதினோரு தடவை வருவார். ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சில் கபம் கட்டி இருமிக்கொண்டே வந்தவரை, மம்சாபுரத்துக் கிழ வைத்தியர் முதுகில் காது வைத்துக் கேட்டுப் பார்த்து, தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"ஏலே தவசி, இந்த மழைக்காலம் முடியிற மட்டும் ஈரத் தரையில முதுகு படக்கூடாது. பட்டுச்சுன்னா எங்கிட்ட வராத. நேரா சுடுகாட்டுக்குப் போயிரு. நடுவுல எனக்கு எதுக்கு அலைச்சல்?"

ஊர் முழுக்கப் படுக்கப் பாய் கொடுத்த மனிதருக்கு வேண்டியிருந்தது நாலு முழம் காய்ந்த தரை. வண்டிக்குள்ளேயே படுக்கலாம் என்றால் வண்டி நிறையப் பாய். பாய் நனைந்தால் கறுத்துப் போகும். யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே கூண்டுக்குள் பாயும், வெளியே அவருமாக இத்தனை வருஷம் ஓடியிருந்தது.

"எத்தனை நாளைக்கு அண்ணாச்சி இப்பிடி மூலையில குத்தவச்சே விடிய விடிய இருப்பீக?" என்றாள் சீனியம்மாள். "வில்லிபுத்தூருக்குப் போயி ஒரு மனு எழுதிப் போடுங்க. அஞ்சே அஞ்சு ஓடு. மாத்தக்கூடாதுன்னா சொல்லிருவாக?"

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். பின்னால் அதை நினைத்து நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

சபைக் கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிற தங்கச்சாமி உட்கார்ந்திருப்பார். அந்தத் தாலூகாவில் அவரைப் போல் மனு எழுத ஆள் கிடையாது. ஆடு காணாமற்போன மனுவை எழுதினால்கூடப் படிக்கிறவருக்கு ராஜ்யமே பறிபோன மாதிரி இருக்கும்.

"அஞ்சு ஓடு ஒடைஞ்சு கெடக்கு. மாத்தித் தரணும். அம்புட்டுத்தான்" என்றார் தவசிமுத்து.

தங்கச்சாமி எழுத்தாணியைக் கீழே வைப்பது போலப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "அஞ்சு ஓட்டுக்கு ஒரு மனுவா? நான் எழுதுறதாய்யா அது? பெரிய மனுசங்க கையில எடுக்கிற காயிதம். ஓடு, ஓட்டைன்னு எழுதுனா அப்பிடியே கீழ போட்டுருவாக. நீரு வருசத்துக்கு எத்தன தடவ வாரீரு?"

"பதினோரு தடவ."

"பொறவு என்ன! அதச் சொல்லும் முதல்ல."

எழுத ஆரம்பித்தார். மூன்று பக்கம் ஓடிற்று. 'அடிக்கடி பிரயாணம் செய்யும்படியான அநேகமாயிரம் ஜனங்களுடைய சௌக்கியக் குறைவானது நாளுக்கு நாள் விருத்தியாகி வருவதை மகாகனம் பொருந்திய சபையார் அவர்கள் திருவுளம் பற்றி' என்று தொடங்கி, இலங்கைக்குப் போகிறவர்கள், காசிக்குப் போகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, 'தக்க பரிகாரம் தேடி ரட்சிக்க வேண்டியது' என்று முடிந்தது. தவசிமுத்துவுக்குக் கேட்கக் கேட்க அழுகை வந்தது. அத்தனை பேரும் தன்னால் சுகப்படப் போகிறார்கள் என்று ஒரு பெருமையும் இருந்தது.

"அதுல ஓடு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் அதுக்குள்ள அடக்கம். கைநாட்டு வையும்."

வைத்தார்.

மனு சபையில் வாசிக்கப்பட்ட அன்று பதினொரு பேரும் ஆஜர். சபைத் தலைவர் மந்திரமூர்த்தியா பிள்ளை எழுந்து நின்று அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். பெருத்த சரீரம், அதைவிடப் பெருத்த குரல்.

"மகா சபையோர்களே! முப்பது வருஷமாக நான் இந்தச் சபையில் இருக்கிறேன். இந்நாள் வரை ஒரு பொழுதாவது நான் நமது சத்திரத்தில் தங்கியது கிடையாது. ஆகையால் அதைப் பற்றி எனக்கு எவ்விதப் பட்சபாதமும் இல்லை என்பதைத் தைரியமாகச் சொல்லிக்கொள்கிறேன். பிரயாணிகள் படும் துன்பம் எனக்குத் தெரியாததா? போன மாதம் சம்பந்தி வீட்டுக்கு மம்சாபுரம் போனேன். வண்டியில் மெத்தை விரிக்க வேலைக்காரன் மறந்துவிட்டான். அன்று நான் பட்ட பாடு..." மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு அங்கத்தினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராஜபாளையத்து நிலச்சுவான்தார் குமாரசாமி ராஜா ஒரு சந்தேகம் கேட்டார். "ஏமண்டி, அடிக்கடி என்றால் எத்தனை அடிக்கடி?"

அதைப் பற்றி விளக்கு வைக்கிற வரைக்கும் விவாதம் நடந்தது. ஒருவர் மாதம் ஒரு தடவை என்றார். இன்னொருவர், தமது மாமனார் திங்கட்கிழமைதோறும் வருகிறார், அதுவே அடிக்கடி, அதற்குமேல் வந்தால் அது பிரயாணம் இல்லை, உபத்திரவம் என்றார். முடிவில், இது நிதானமாக ஆராய வேண்டிய விஷயம் என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். 'அடிக்கடிப் பிரயாணிகள் சௌக்கிய விருத்திக் கமிட்டி' ஏற்பட்டது. தலைவரும் ராஜாவும் இன்னும் மூன்று பேரும் அங்கத்தினர்கள். காரியதரிசி பால்பாண்டி எழுத்து வேலைக்கு. கமிட்டி ராஜபாளையத்திலேயே முகாம் போட்டு விசாரிப்பதென்று தீர்மானம்.

ஐப்பசி பத்தாம் தேதி நாலு வண்டிகளில் கமிட்டி வந்து இறங்கிற்று. மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் அன்று தவசிமுத்துவோடு ஆறு பிரயாணிகள் இருந்தார்கள். சேவகன் அல்லா பிச்சை தூணில் ஓர் உத்தரவை ஒட்டி, அதை உரக்க வாசிக்கவும் செய்தான். 'பிரயாணிகளின் சௌக்கியத்தைப் பற்றி விசாரிப்பதற்குக் கமிட்டியார் விஜயம் செய்திருப்பதால், பிரயாணிகள் அனைவரும் உடனே சத்திரத்தைக் காலி செய்ய வேண்டியது.'

ஐந்து பேர் முணுமுணுத்துக்கொண்டு மழையில் போனார்கள். தவசிமுத்துவை மட்டும் பால்பாண்டி பிடித்துக்கொண்டார்.

"நீர்தானே மனுதாரர்? நீர்தான் பிரதான சாட்சி. விசாரணை முடிகிற வரையில் ஊரை விட்டு நகரக்கூடாது."

நகராமல் இருக்கிறாரா என்று யார் பார்த்துக்கொண்டே இருப்பது? வண்டிச் சக்கரத்தின் கடையாணியைப் பிடுங்கிக் கமிட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வண்டிக்குள் இருந்த பாய்களைப் பார்த்ததும் தலைவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. பாய் என்பது சௌக்கிய சாதனம். ஆகவே அது சாட்சிப் பொருள். கூண்டின் முன்னும் பின்னும் கயிறு கட்டி அரக்கு வைத்துக் கமிட்டி முத்திரையைக் குத்தினார்கள். தவசிமுத்துவால் அவற்றை விற்கவும் முடியாது, உள்ளே ஏறிப் படுக்கவும் முடியாது.

மறுநாள் விசாரணை தொடங்கிற்று. மேற்கு அறையில் ரத்தினக் கம்பளம் விரித்துக் கமிட்டி உட்கார்ந்தது. அறுபத்து நான்கு கேள்விகள் தயாராக இருந்தன.

"பிரயாணியே, நீர் சயனிக்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது வழக்கம்?"

"சொட்டு விழாத பக்கம், எசமான்."

'பக்கத்தைப் பற்றிச் சாட்சிக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இல்லை' என்று பால்பாண்டி எழுதிக்கொண்டார்.

"காலையில் கண் விழித்ததும் எந்தக் காட்சி உமக்கு மனோரம்மியமாக இருக்கும்?"

"விடிஞ்சிருந்தாப் போதும், எசமான்."

"சத்திரத்தில் நுழையும்போது உம்மை வரவேற்கச் சங்கீதம் இருந்தால் விரும்புவீரா, பன்னீர் தெளித்தால் விரும்புவீரா?"

தவசிமுத்து கையைக் கூப்பினார். "எசமான், ஓடு..."

"என்ன ஓடு?"

"கூடத்துக்கு மேல அஞ்சு ஓடு ஒடைஞ்சு கெடக்கு எசமான். அத மாத்திட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். எனக்கு நெஞ்சுல கபம். வைத்தியர் ஈரத்துல படுக்கக்கூடாதுன்னுட்டாரு."

தலைவர் மனுவை எடுத்து மூன்று பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே! மேலும் நீர் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சௌக்கியம் என்பது கூரைக்குக் கீழே ஆரம்பிப்பது. கூரை மராமத்தைச் சேர்ந்தது. மராமத்துக்குத் தனிக் கமிட்டி உண்டு. அந்தக் கமிட்டிக்கும் நானே தலைவர். அதற்காக ஒரு கமிட்டியின் வேலையில் இன்னொரு கமிட்டி மூக்கை நுழைத்தால் நான் பொறுத்துக்கொண்டிருக்க முடியுமா?"

அந்தப் பேச்சின் நியாயம் தவசிமுத்துவுக்குப் புரியவில்லை. புரியாதது தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் படுக்கைக்குச் சீனியம்மாள் ஒரு வழி பண்ணினாள். சத்திரத்துக்குப் பின்னால் விறகு போட ஒரு கொட்டகை இருந்தது. அவளே கை வலிக்க முடைந்து வேய்ந்த ஓலைக் கூரை. பொட்டு நீர் இறங்காது. விறகை ஒதுக்கி வைத்து இடம் பண்ணிக் கொடுத்தாள். நாலு நாள் அவர் அங்கே படுத்தார். இருமல் கொஞ்சம் தணிந்தது. கஞ்சியும் குடித்தார்.

ஐந்தாம் நாள் பால்பாண்டி கொட்டகைக்கு வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து தரையையும் தடவினார்.

"நல்ல காய்ந்த இடமாக இருக்கிறதே! விசாரணைக் காகிதங்கள் எல்லாம் கூடத்தில் நனைகின்றன. இவ்வளவு நல்ல இடத்தை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?"

"அண்ணாச்சி படுத்திருக்காகய்யா. அவிய நெஞ்சு சரியில்ல" என்றாள் சீனியம்மாள்.

"அம்மா, காகிதம் நனைந்தால் எழுத்து அழிந்துவிடும். ஆள் நனைந்தால் அழிந்தா போவான்? இதெல்லாம் யாருக்காக? இவரைப் போன்ற பிரயாணிகளின் சௌக்கியத்துக்காகத்தானே!"

அன்று சாயங்காலமே ஒன்பது மூட்டைக் காகிதம் கொட்டகைக்குள் போயிற்று. தவசிமுத்து வண்டிக்கு அடியில் போனார். வாசல் பள்ளமான இடம். மழைத் தண்ணீர் தேங்கி, சக்கரத்தின் இரும்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சீனியம்மாள் ஒரு பலகை கொண்டுவந்து போட்டாள். பலகையும் மூன்று நாளில் ஊறிப் போயிற்று.

கமிட்டி சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இயற்கைக் காட்சி பிரயாணிகளின் அலுப்பைப் போக்குமா என்று கண்டறிய ஐந்து பேரும் செண்பகத்தோப்புக்குப் போய், அருவிக் கரையில் ஆட்டுக்கறி சமைத்துச் சாப்பிட்டு, போக்கும் என்று முடிவு செய்து திரும்பினார்கள். திருநெல்வேலியிலிருந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று வந்து கூடத்தில் மாட்டப்பட்டது. மழை சொட்டுவது அதிலும் தெரிந்தது. தோதகத்தி மரத்தில் கடைந்த கட்டில் ஒன்று வந்தது. அதில் பிரயாணிகள் படுத்தால் மெருகு போய்விடும் என்று, கயிறு கட்டி மறித்து, 'பிரயாணிகள் பார்த்துச் சந்தோஷப்படவும்' என்று பலகை மாட்டினார்கள். அடிக்கடிப் பிரயாணிகளை அடையாளம் கண்டுகொள்ளப் பித்தளை வில்லைகள் அடித்து வந்தன. முதல் வில்லை தவசிமுத்துவின் தோளில் குத்தப்பட்டது. அப்போது அவருக்குக் காய்ச்சல் கண்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

"உடம்பு ஏன் இப்படி நடுங்குகிறது?" என்றார் தலைவர்.

"குளிருது எசமான்."

"ஆனந்தத்தில் நடுங்குகிறார்" என்று ராஜா பால்பாண்டியிடம் சொல்ல, அது பதிவாயிற்று.

புதிய விதிகளும் எழுதினார்கள். மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் நாலாவது விதியை மட்டும் நானும் குறை சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் உத்தியோகஸ்தர் முகாம் கிளம்பினால், சாலையில் போகிற வண்டியை மறித்துப் பிடித்துத் தங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவது வழக்கம். வண்டிக்காரன் பொண்டாட்டி பிள்ளையோடு நடுவழியில் நிற்க வேண்டியதுதான். 'சத்திரத்தில் தங்கும் பிரயாணிகளுடைய வண்டி மாடுகளை எவரும் எக்காரணம் கொண்டும் பிடிக்கலாகாது' என்று நாலாவது விதி சொல்லிற்று. இதைக் கேட்டபோது அந்தக் காய்ச்சலிலும் தவசிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தாயி, பெரிய மனுசங்க பெரிய மனுசங்கதான். நமக்குன்னு ஒண்ணு செஞ்சுருக்காக" என்றார்.

 சீனியம்மாள் அவர் நெஞ்சில் விளக்கெண்ணெயைச் சூடு காட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

கமிட்டி வந்த நாற்பத்தேழாம் நாள் அவர் எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு கமிட்டி முன்னால் போய் நின்றார். சீனியம்மாள் ஒரு கை தாங்கிக்கொண்டாள்.

"எசமான், நான் ஊருக்குப் போறேன். எனக்கு ஓடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டியில ஏறிப் படுத்தேன்னா மாடு பழகின வழியில கொண்டு போயிச் சேத்துரும். எம் பொண்டாட்டி மாரியாத்தா ஒத்தையில இருக்கா. கடையாணியக் குடுத்துருங்க எசமான்."

கமிட்டிக்குள் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பால்பாண்டி பதிவேட்டைப் புரட்டி ஏதோ சுட்டிக் காட்டினார். தலைவரின் முகம் சிவந்தது.

"ஐயா, கமிட்டி இங்கே வந்து எத்தனை நாள் ஆயிற்று?"

"நாப்பத்தேழு நாளாச்சு எசமான்."

"இந்த நாற்பத்தேழு நாளில் எந்த ஊருக்காவது பிரயாணம் செய்தீரா?"

"இல்ல எசமான். நீங்கதான்..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். ஒரு தடவையாவது செய்தீரா?"

"இல்ல."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "கேட்டீர்களா! நாற்பத்தேழு நாளாக ஒரே ஊரில், ஒரே இடத்தில், ஒரே வண்டியடியில் குடியிருக்கிற ஒருவர், தம்மை அடிக்கடி பிரயாணம் செய்பவர் என்று சொல்லிக்கொண்டு கமிட்டியையே ஏமாற்றியிருக்கிறார். அடிக்கடி என்ன, இவர் பிரயாணியே அல்ல. இவர் இந்த ஊர்வாசி. இவர் தோளில் நம் வில்லை! அதைக் கழற்றும்."

அல்லா பிச்சை கழற்றினான். கழற்றும்போது அவன் விரல் பட்ட தோள் அனலாகக் கொதித்தது. அவன் தலைவரைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். சம்பளக்காரன்; அடங்கிவிட்டான்.

"உமது வாக்குமூலம் செல்லாது. போகலாம். கடையாணியைக் கொடுத்துவிடு, பால்பாண்டி."

இத்தனை வசவுக்கும் தவசிமுத்து கும்பிடு போட்டார். கடையாணி கைக்கு வந்துவிட்டது அல்லவா! சீனியம்மாளே ஆணியைச் சக்கரத்தில் பொருத்தினாள். அரக்கை உடைத்து, பாய்களை ஒரு பக்கமாக அடுக்கி, அவர் படுக்க இடம் பண்ணினாள். மாட்டைப் பூட்டினாள். அவரை மெதுவாகத் தூக்கி ஏற்றிவிட வேண்டியதுதான் பாக்கி.

"நில்லுங்கள்" என்று குரல் கேட்டது. கமிட்டி சாமான்களோடு வெளியே நின்றது. விசாரணை முடிந்துவிட்டதால் அவர்களும் அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினார்கள். நாலு வண்டியும் நிறைந்துவிட்டது. தலைவரையும் ஒன்பது மூட்டைக் காகிதத்தையும் ஏற்ற ஐந்தாவது வண்டி ஒன்று வேண்டியிருந்தது.

சீனியம்மாள் ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். "சாமி, பிரயாணி வண்டியப் பிடிக்கக்கூடாதுன்னு நீங்கதானே எழுதுனீக! நாலாவதுல இருக்குன்னு சொன்னாகளே!"

"பேஷ்! விதியெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாளே" என்று தலைவர் சந்தோஷப்பட்டார். "அம்மா, அந்த விதியை இயற்றியவன் நான். என் உயிர் போனாலும் அதை மீறமாட்டேன். ஒரு பிரயாணியின் வண்டியில் நான் கால் வைப்பேன் என்று கனவிலும் நினைக்காதே. ஆனால் இது பிரயாணியின் வண்டி இல்லையே! ஊர்வாசியின் வண்டி. இப்போதுதான் தீர்மானமாயிற்று. நீயும் கூடவே நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?"

காகித மூட்டைகள் ஏறின. பாய்களைப் பரப்பி அவற்றின்மேல் தலைவர் சாய்ந்துகொண்டார். "அடடா, பத்தமடைப் பாய்க்கு ஈடு உண்டா! அலுப்பே தெரியாது போலிருக்கிறதே! இதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்" என்றார். ஐந்து வண்டிகளும் மழைக்குள் போயின. போகும் முன் பால்பாண்டி, புதிய விதிகள் சித்திரை முதல் தேதி அமலுக்கு வரும் வரையில் சத்திரத்தை மூடிவைப்பதாகச் சொல்லி, கூடத்துக்கும் மேற்கு அறைக்கும் பூட்டுப் போட்டுச் சாவிகளை எடுத்துக்கொண்டு போனார். கொட்டகைக்குள் விசாரணைக்கென்று வாங்கிய நாற்காலிகள் அடைந்து கிடந்தன. அதற்கும் ஒரு பூட்டு.

 தவசிமுத்து சுவரில் சாய்ந்து, மூச்சுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். சீனியம்மாள் உள்ளே போகிற வழியில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கினாள். மேற்கு அறைப் பூட்டு மூன்றாவது அடியில் தெறித்து விழுந்தது. அவரை இழுத்துக்கொண்டு போய், ஒரு கோணிச் சாக்கை விரித்துக் கிடத்தினாள். விரிக்க ஒரு பாய் இல்லை.

அவர் உள்ளங்கையை வைத்துத் தரையைத் தடவிப் பார்த்தார்.

"காஞ்சு இருக்கு, தாயி" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. காஞ்சுதான் இருக்கு. தூங்குங்க."

இரண்டாம் நாள் காலையில் உயிர் போய்விட்டது. ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து ஆகவேண்டியதைப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் அல்லா பிச்சை வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தான். வண்டி காலி. பாய்களைச் சாட்சிப் பொருள் என்று கமிட்டியே வைத்துக்கொண்டது. அவன் கையில் ஒரு காகிதம். வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகத் தவசிமுத்து கைநாட்டு வைக்க வேண்டும்.

"அவிய எங்கே அக்கா?"

சீனியம்மாள் சொன்னாள். அவன் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லிருக்கணும். உடம்பு தீயாச் சுட்டுச்சு. எனக்குத் தெரியும்" என்றான்.

"சொல்லிருந்தா மட்டும்? அதையும் எழுதிக்கிட்டுப் போயிருப்பாக."

வெறுங்காகிதத்தோடு அவன் திரும்ப முடியாது. அதில் மூன்று கட்டங்கள் அச்சிட்டிருந்தன: பெற்றுக்கொண்டார், பெற மறுத்தார், ஊரில் இல்லை. செத்துப்போனவருக்குக் கட்டம் இல்லை. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு அவன் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டான்.

அந்தக் காகிதத்தை மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சபைக் கூட்டத்தில் மந்திரமூர்த்தியா பிள்ளை தம் கையாலேயே உயர்த்திக் காட்டினார்.

"கனவான்களே! நாற்பத்தேழு நாள் ஓரிடத்தை விட்டு அசையாத மனிதர் இவர். நமது கமிட்டி வேலை முடிந்து எட்டே நாளில் ஊரில் இல்லை! வண்டியைக்கூட எதிர்பாராமல் புறப்பட்டுவிட்டார். பிரயாணத்தில் ஜனங்களுக்கு நாம் இவ்வளவு ருசியை உண்டாக்கியிருக்கிறோம் என்றால், இதைவிட வேறு அத்தாட்சி எதற்கு?"

கரகோஷம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கமிட்டியின் ஆயுளை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று.

அந்த நேரத்தில் சீனியம்மாள் தானே மாட்டைப் பூட்டி, சங்கரன்கோவில் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்தமடைக்குப் போய் மாரியாத்தாளிடம் வண்டியையும் மாட்டையும் சேர்த்து, சேதியையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் வழி. மழை விட்டபாடில்லை. வழியில் சத்திரங்கள் இருந்தன. அவள் ஒன்றிலும் இறங்கவில்லை.